மைனஸ் 30-இல் பூச்சிகள் எங்கே போகின்றன?

ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ஒவ்வொரு ஜனவரியிலும் தொலைபேசியில் ஒரே வசனத்தைச் சொல்லுவாள்: "இங்க ஒரு நுளம்பு இல்லை, எல்லாம் குளிரில செத்துப் போச்சு." வெள்ளவத்தையில் பின்னேரம் ஆறு மணிக்கே யன்னலைப் பூட்டிவிட்டு நுளம்புச் சுருள் கொளுத்தும் எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருக்கும். ஜூன் பிறந்ததும் அதே மச்சாள், பின்வளவில் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை, நுளம்பு பிய்த்துத் தின்கிறது என்பாள். சரி, எல்லாம் செத்துப் போயிருந்தால் ஜூனில் வந்தவை எங்கிருந்து வந்தன? விமானம் ஏறியா?

உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால் இதே கேள்வியை வகுப்பிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். "குளிர் நாட்டில பூச்சியே குறைவு சேர்" என்று ஒருவன் சொல்லுவான். "எல்லாம் நித்திரை கொள்ளும்" என்பாள் இன்னொருத்தி. விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று, "உடம்புக்குள்ள அன்டிபிரீஸ் இருக்கு" என்று முடித்துவிடும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குளிர் ஒரு பூச்சியை எப்படிக் கொல்கிறது என்று தெரியாமல், அது எப்படித் தப்புகிறது என்று விளங்கிக்கொள்ள முடியாது. ஆகவே சாவிலிருந்தே தொடங்குவோம்.

சீனிப் போத்தலில் நடந்தது

எங்கள் வீட்டில் சீனிப் போத்தலுக்குள் எறும்பு ஏறினால் அம்மா அதை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவா. அரை மணித்தியாலத்தில் எடுத்துப் பார்த்தால் எறும்புகள் கால்களை மடக்கிக்கொண்டு சீனியின்மேல் கிடக்கும். ஊதினாலும் அசையாது. ஒரு தட்டில் கொட்டி வைத்துப் பாருங்கள். முதலில் ஓர் உணர்கொம்பு ஆடும். பிறகு ஒரு கால். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல நடக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை மறந்துபோய் இரவு முழுக்க விட்டுவிட்டோம். அன்று பாதிக்கு மேல் எழும்பவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபிரிட்ஜுக்குள் இருந்தது ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ். நீர் உறைவது 0 பாகையில். ஒரு துளி ஐஸ்கூட உருவாகாமலே எறும்புகள் மயங்கின, பிறகு செத்தன.

பூச்சி தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் சுற்றுப்புறம் எந்த வெப்பநிலையோ உடலும் அதே வெப்பநிலைதான். (இதனால் ஒரு வேடிக்கை. மச்சாள் சொல்லும் "மைனஸ் 30" பல நாட்களில் காற்றின் வேகத்தையும் சேர்த்து மனித உடம்புக்குக் கணக்கிட்ட எண். பறிகொடுக்க உடற்சூடு இல்லாத பூச்சிக்கு அந்த எண்ணில் அர்த்தமே இல்லை. அதற்குத் தெரிவது வெப்பமானியில் உள்ள உண்மையான அளவு மட்டும்.)

உடல் குளிர்ந்தால் உள்ளே என்ன கெடுகிறது? கொழும்பில் மாடி வீடுகளின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எங்கோ ஒரு குழாய் எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. மோட்டார் தொடர்ந்து நீரை மேலே ஏற்றுவதால் தாங்கி நிறைந்திருக்கிறது. மோட்டார் நின்றால் கசிவு நிற்காது, தாங்கிதான் வற்றும். ஒவ்வொரு கலத்திலும் இப்படித்தான். கலத்துக்கு உள்ளே பொற்றாசியம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வேறுபாடு இருந்தால்தான் நரம்பு செய்தி கடத்தும், தசை சுருங்கும். அதைக் காப்பவை கலத்தின் மெல்லிய உறையில் இருக்கும் நுண்ணிய புரத மோட்டார்கள். குளிரில் அவை மந்தமாகிவிடும், கசிவோ தொடரும். பொற்றாசியம் வெளியே பெருகப் பெருக நரம்பும் தசையும் வேலைநிறுத்தம் செய்கின்றன. இந்த நிலைக்குக் குளிர்மயக்கம் என்று பெயர். சீக்கிரம் சூடு கிடைத்தால் மோட்டார்கள் மறுபடி ஓடி நிலைமை சரியாகும். நேரம் நீண்டால் கலங்களே கெட்டுவிடும்.

வெப்ப நாட்டுப் பூச்சிகளில் பல உறைநிலைக்கு மேலேயே இப்படிச் சாகின்றன.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும்

நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது, வெள்ளையாக இறுகியிருக்கும். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் வழமைபோல ஊற்றும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே இறுகத் தொடங்கும். நல்லெண்ணெய் அதைவிட மிகவும் குளிர்ந்தாலும் நீர்மமாகவே இருக்கும். இரண்டும் கொழுப்புத்தான், மூலக்கூறின் வடிவம் வேறு. நேரான மூலக்கூறுகள் விறகுக்கட்டுப் போல நெருக்கமாக அடுங்கிவிடும். வளைந்தவை அடுங்காது.

ஒவ்வொரு கலத்தையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குக் கல மென்சவ்வு என்று பெயர். அதுவும் கொழுப்பால் ஆனதுதான். எங்கள் கொழும்பு எறும்பின் மென்சவ்வு 28 பாகைக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. 4 பாகையில் அது தேங்காயெண்ணெய் போல விறைக்கிறது. அதில் பதிந்திருக்கும் புரத மோட்டார்களும் கூடவே சிக்கிக்கொள்கின்றன. குளிர் நாட்டுப் பூச்சி, குளிர் வருவதற்கு முன்பே தன் மென்சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்கிறது. தேங்காயெண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெயைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆயத்தம் சில வேளைகளில் ஆச்சரியமான வேகத்தில் நடக்கும். 1987-இல் அமெரிக்காவில் ஒருவகை இறைச்சி இலையானை வைத்து ஒரு சோதனை வெளியானது. அறைச் சூட்டிலிருந்து நேரே மைனஸ் 10 பாகைக்குப் போனவை இரண்டு மணித்தியாலத்தில் செத்தன. கொஞ்ச நேரம் 0 பாகையில் இருந்துவிட்டுப் போனவையில் பெரும்பாலானவை பிழைத்தன. அதே இலையான், அதே குளிர். ஒன்றுக்கு முன்னறிவித்தல் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஐஸ் இல்லாமலும் குளிர் கொல்லும். மோட்டார்கள் மந்தமாவதும் மென்சவ்வு விறைப்பதும் காரணம். இதிலிருந்து தப்பியவர்களுக்குத்தான் அடுத்த சோதனை, அதாவது பனிக்கட்டி.

ஐஸ் பக்கெட்டைச் சூப்பிப் பாருங்கள்

பள்ளிக்கூட வாசலில் ஐஸ் பக்கெட் வாங்கிச் சூப்பாதவர் எங்களில் யாரும் இருக்க முடியாது. முதல் இரண்டு நிமிடம் நல்ல இனிப்பும் நிறமும் வாய்க்குள் வரும். பாதிக்கு மேல் போனால் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ், சப்பென்று இருக்கும். ஏமாற்றிவிட்டான் என்று நினைத்திருக்கிறேன். உண்மையில் அது பௌதிகவியல். நீர் உறையும்போது நீர் மூலக்கூறுகள் மட்டும் வரிசையாக அடுங்கும். சீனி, நிறம், உப்பு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்டவை எல்லாம் உறையாமல் எஞ்சிய கொஞ்ச நீரில் போய்ச் சேர்வதால் அந்த நீர் பாணி போலத் தடிக்கிறது.

இப்போது தேசிக்காய் ஊறுகாய் போடுவதை நினையுங்கள். வெட்டிய தேசிக்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விடுகிறது. வெளியே உப்புச் செறிவு கூடினால் உள்ளேயிருக்கும் நீர் மென்சவ்வைத் தாண்டி வெளியே வரும். இதைத்தான் பாடப்புத்தகம் பிரசாரணம் என்கிறது.

இரண்டையும் சேர்த்தால் ஒரு பூச்சி உறையும்போது நடப்பது கண்முன் வரும். பூச்சிக்கு எங்களைப் போல நாளங்களுக்குள் ஓடும் இரத்தம் கிடையாது. உடற்குழி முழுவதும் ஒரு திரவம் நிரம்பியிருக்கும், அதைப் பூச்சிக்குருதி என்போம். பெரும்பாலும் முதல் ஐஸ் துணுக்கு பிறப்பது அங்கே, கலங்களுக்கு வெளியே. ஐஸ் வளர வளர மிச்சத் திரவத்தின் செறிவு ஏறும். செறிவு ஏற ஏறக் கலங்கள் ஊறுகாய்த் தேசிக்காய் போல நீரை இழந்து சுருங்கும். ஓர் எல்லைக்கு மேல் சுருங்கினால் மென்சவ்வு கிழியும், புரதங்கள் கெடும். ஐஸ் கலத்துக்கு உள்ளேயே பிறந்துவிட்டால் கதை இன்னும் மோசம். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதோடு, ஐஸ் பளிங்கின் கூர்முனைகள் உள்ளேயிருக்கும் எல்லாவற்றையும் குத்திச் சிதைக்கும். உறைபெட்டியில் வைத்த தக்காளி வெளியே எடுத்ததும் ஏன் கூழாகிறது என்றால் இதனால்தான்.

ஆகவே குளிர் நாட்டுப் பூச்சியின் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ஐஸ் பிறக்கவே விடாமல் பார்ப்பது. மற்றது, பிறக்க விட்டு, எங்கே எவ்வளவு என்று அதை அடக்கி வைப்பது.

உறைய மறுப்பவை

நீர் 0 பாகையில் உறையும் என்று படித்தோம். உண்மையில் 0 பாகையில் *உருகும்* என்பதுதான் உறுதியான வாக்கு. உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு பக்டீரியா, ஏதோ ஒன்றின்மேல் முதல் சில மூலக்கூறுகள் அடுங்கினால்தான் மிச்சம் பின்தொடரும். அந்தத் தொடக்கத்துக்கு உறைகரு என்று பெயர் வைத்துக்கொள்வோம். உறைகரு கிடைக்காத மிகத் தூய சிறு நீர்த்துளி மைனஸ் 38 பாகைவரைகூட நீராகவே இருக்கும். உறைபெட்டியில் மறந்துவிட்ட சோடாப் போத்தலை வெளியே எடுத்துத் தட்டியதும் கண்முன்னே பனிக்கூழாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழேயும் உறையாமல் இருக்கும் இந்த நிலைதான் மீக்குளிர்ச்சி.

உடல் சிறிதாக இருப்பது இங்கே பெரிய வசதி. கொஞ்ச நீரில் உறைகரு இருக்கும் வாய்ப்பும் கொஞ்சம். மிச்சத்தைப் பூச்சி தானே பார்த்துக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் சாப்பிடுவதை நிறுத்திக் குடலைக் காலி செய்கிறது, ஏனென்றால் உணவுத் துணுக்கும் குடல் பக்டீரியாவும் நல்ல உறைகருக்கள். அப்புறம் ஈரமில்லாத இடமாகத் தேடி ஒதுங்குகிறது. வெளியே இருக்கும் ஐஸ் தோலைத் தொட்டாலும் அதுவே தொடக்கமாகிவிடலாம்.

அதன் பிறகுதான் கிளிசரோல். கித்துள் பாணியை உறைபெட்டியில் வைத்துப் பாருங்கள், தடிக்குமே தவிர ஐஸ்கட்டி ஆகாது. சீனி மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருப்பதால் அவற்றால் அடுங்க முடிவதில்லை. பூச்சி, கோடையில் சேர்த்த சேமிப்பை உடைத்து கிளிசரோல் என்ற இனிப்பான பாகு போன்ற பொருளைச் செய்கிறது. சில இனங்களில் உடல் எடையில் கணிசமான பங்கு அதுவாகிவிடும். கனடாவின் ஆர். டபிள்யூ. சோல்ட் 1950களில் கோதுமைத் தண்டுக்குள் வாழும் ஒரு சிறு குளவியின் குடம்பியில் இதைக் காட்டிய பிறகே இந்தத் துறை சூடுபிடித்தது. (குடம்பி என்றால் முட்டையிலிருந்து வந்த புழுப் பருவம்.)

"அன்டிபிரீஸ்" என்று எல்லாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில்தான் குழப்புகிறது. கிளிசரோல் ஒன்று, உறைதடைப் புரதம் இன்னொன்று. கிளிசரோல் அளவால் வேலை செய்கிறது, நிறையத் தேவை. உறைதடைப் புரதம் கொஞ்சம் இருந்தாலே போதும். எங்கேயாவது ஒரு நுண்ணிய ஐஸ் துணுக்குப் பிறந்துவிட்டால் அதன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் தடுப்பது அதன் வேலை. அன்டார்ட்டிக் கடல் மீன்களின் இரத்தத்தில் ஆர்தர் டெவ்ரீஸ் 1960களில் கண்டது இந்தவகைப் புரதம். பல வண்டுகளிலும் அந்துப்பூச்சிகளிலும் இது உண்டு. முன்னது சுவர் முழுக்கப் பூசிய பூச்சு, பின்னது கதவடியில் நிற்கும் காவலாளி. இரண்டையும் ஒன்றாக எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சிவப்புப் பேனா எடுக்கத் தோன்றும்.

இந்த வழியின் உச்சத்தைத் தொட்டது அலாஸ்காவில் மரப்பட்டைக்கு அடியில் வாழும் தட்டையான சிவப்பு வண்டின் குடம்பி. அது மைனஸ் 100 பாகையிலும் உறையாமல் பிழைத்திருக்கிறது. அங்கே நடப்பது வேறொரு வித்தை. சீனிப்பாகை மெதுவாக விட்டால் கற்கண்டு விளையும். முறுகக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் பளிங்கே இல்லாமல் கண்ணாடி போல இறுகும். அந்தக் குடம்பி தன் நீரில் பெரும்பகுதியை முன்பே இழந்துவிடுகிறது. எஞ்சிய பாணி, ஐஸ் பளிங்காகாமல் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. பளிங்கு இல்லாவிட்டால் கூர்முனையும் இல்லை.

உறைந்தே கிடப்பவை

மீக்குளிர்ச்சியில் ஒரு ஆபத்து உண்டு. தவறி எங்கேயாவது ஒரு உறைகரு வந்தால் உடல் முழுக்க நொடியில் உறைந்துவிடும், பூச்சி செத்துவிடும். இன்னொரு கூட்டம் இந்தச் சூதாட்டத்தையே ஆடுவதில்லை. உறையத்தான் போகிறோம், நாமே சொல்லுகிற நேரத்தில் சொல்லுகிற இடத்தில் உறைவோம் என்கிறது.

இவை பூச்சிக்குருதியில் வேண்டுமென்றே உறைகருப் புரதங்களை வைத்திருக்கின்றன. எதிரி செய்யும் வேலையைத் தானே செய்வது போலத் தெரியும். ஆனால் பயன் பெரிது. 0 பாகைக்குச் சற்றுக் கீழேயே, மைனஸ் 5 முதல் 10 அளவில், கலங்களுக்கு வெளியே மெதுவாக ஐஸ் உருவாகும். மெதுவாக என்பதால் கலங்களுக்கு நீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துச் சுருங்க நேரம் கிடைக்கிறது. கலத்துக்குள் கிளிசரோலும் அதுபோன்ற இனிப்புப் பொருட்களும் நிறைந்திருப்பதால் சுருக்கம் ஆபத்தான எல்லையைத் தாண்டாது. இதயம் நின்றிருக்கும். தட்டினால் கல் போலச் சத்தம் கேட்கும். வசந்தத்தில் உருகி நடக்கும்.

இரண்டு வழிகளையும் ஒரே செடியில் காட்டுகிறது வட அமெரிக்க வயல் ஓரங்களில் மஞ்சள் பூப் பூக்கும் கோல்டன்ராட் செடி. அதன் தண்டில் பூச்சிகள் உண்டாக்கும் வீக்கங்களுக்குள் குடம்பிகள் மாரியைக் கழிக்கின்றன. தண்டில் வீக்கம் தேசிக்காய் போல உருண்டையாக இருந்தால் உள்ளே ஒரு ஈயின் குடம்பி. அது உறைந்து கிடக்கும், மைனஸ் 40 பாகையிலும் பிழைக்கும். வீக்கம் நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருந்தால் உள்ளே ஒரு அந்துப்பூச்சியின் குடம்பி. அது கிளிசரோலை ஏற்றிக்கொண்டு மைனஸ் 38 அளவுவரை உறையவே உறையாது. ஒரே வயல், ஒரே குளிர், ஒரே தண்டு. பரிணாமம் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் எழுதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செடியை நான் பரிந்துரைப்பேன். மச்சாளுக்கும் சொல்லியிருக்கிறேன். "இந்தக் குளிருக்க தண்டு உடைச்சுப் பாக்கவோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

உறைவைத் தாங்குவதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கனடாவின் வடகோடித் தீவுகளில் ஒரு கம்பளிப்புழு வாழ்கிறது. கோடை மிகக் குறுகியது என்பதால் அது வருடத்தில் பெரும்பகுதியை உறைந்தே கழிக்கும். உண்ணக் கிடைப்பது சில வாரங்கள். இப்படியே வளர்ந்து அந்துப்பூச்சியாக ஏறக்குறைய 7 வருடம் ஆகும். மைனஸ் 70 பாகையையும் அது தாங்கும். நியூசிலாந்து மலைகளில் வாழும் வேட்டா என்ற பெரிய வெட்டுக்கிளி இனத்துக்கு அவ்வளவு தேவையில்லை, மைனஸ் 10 அதன் எல்லை. ஆனால் அங்கே கோடையிலும் எந்த இரவில் உறைபனி விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே அது இரவில் உறைந்து, உடல் நீரில் ஐந்தில் நான்கு பங்கு ஐஸாகி, பகலில் உருகி நடக்கப் பழகியிருக்கிறது. நீண்ட கடும் மாரிக்கு ஒருவகை ஆயத்தம், எப்போது வரும் என்று தெரியாத குளிருக்கு வேறுவகை ஆயத்தம்.

மீண்டும் ஒருமுறை: உறையாமல் இருப்பவை உறைகருவை விரட்டுகின்றன, கிளிசரோலைக் கூட்டுகின்றன. உறைந்து கிடப்பவை உறைகருவைத் தாங்களே வைத்துக்கொண்டு ஐஸைக் கலத்துக்கு வெளியே நிறுத்துகின்றன. கிளிசரோல் இரண்டு கூட்டத்துக்கும் பொது.

கருவாட்டு வழி

மூன்றாவது ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர் இல்லாவிட்டால் ஐஸும் இல்லை. அன்டார்ட்டிக்காவுக்கே உரிய, இறக்கையில்லாத ஒரு சிறு ஈ இனத்தின் குடம்பி, சுற்றியுள்ள மண் உறையும்போது தன் உடல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே போகும். உடல் நீரில் 70 சதவீதம்வரை போனாலும் சாகாது. நெத்தலிக் கருவாடு போலச் சுருங்கிக் கிடந்து, நீர் கிடைத்ததும் ஊறி எழும்பும்.

ஓடுகிறவை, ஒட்டிக்கொண்டிருப்பவை, ஒளிகிறவை

எல்லாப் பூச்சியும் உடம்புக்குள் இரசாயனம் செய்வதில்லை. மொனார்க் வண்ணத்துப்பூச்சி கனடாவிலிருந்து மெக்சிகோவரை 4,000 கிலோமீற்றர் அளவுக்குப் பறந்துவிடும். அவை போய்ச் சேரும் மலைக்காடு வெளியுலகுக்குத் தெரியவந்தது 1975-இல்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒப்பானது தும்பி. மஞ்சள் உடம்போடு திறந்த வெளிகளில் கூட்டமாகச் சுற்றும் ஒருவகைத் தும்பி, ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் தாண்டி ஆபிரிக்காவரை போகிறது என்று 2009-இல் சார்ல்ஸ் அண்டர்சன் எழுதினார். அது குளிருக்காக ஓடுவதைவிட மழைக்குளங்களைத் தேடி ஓடுவது என்பதே சரி. ஆனாலும் தங்க முடியாத காலத்தில் இடத்தை மாற்றும் உத்தி ஒன்றுதான்.

தேனீ ஓடாது, உறையாது. ஐரோப்பியத் தேனீக்கள் மாரியில் கூட்டுக்குள் ஒரு பந்து போல நெருங்கி, பறக்கும் தசைகளை இறக்கை அசையாமல் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகின்றன. எரிபொருள் கோடையில் சேர்த்த தேன். பந்தின் நடுவில் 20 முதல் 35 பாகை இருக்க, வெளி ஓரத்தில் 10 பாகை அளவே இருக்கும். பூச்சிக்குச் சொந்தச் சூடு இல்லை என்று மேலே சொன்னதற்கு இது நல்ல விதிவிலக்கு.

ஒளிகிறவைதான் மிகப் பெரிய கூட்டம். மண்ணுக்குள், பட்டைக்கு அடியில், சருகுக்குள். அவற்றுக்குப் பெரிய உதவி பனிதான். மீன் வியாபாரியின் ரெஜிபோம் பெட்டி ஐஸைக் காப்பது போலப் பனிப்படை மண்ணின் சூட்டைக் காக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்றாலும், தடித்த பனிக்கு அடியில் நிலம் 0 பாகையை ஒட்டியே இருக்கும். பனி குறைந்த மாரி பூச்சிகளுக்கு இலகுவானது என்று நினைப்போம். பல இனங்களுக்கு அது போர்வை இல்லாத இரவு.

நாட்காட்டி எங்கே இருக்கிறது?

கொழுப்பை மாற்றுவது, குடலைக் காலி செய்வது, கிளிசரோல் செய்வது எல்லாம் குளிர் வருவதற்கு *முன்பே* முடிந்திருக்க வேண்டும். குளிர் தொட்ட பிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். அப்படியென்றால் செப்டெம்பர் மாத இளவெயிலில் ஒரு பூச்சிக்கு ஜனவரி வருகிறது என்று யார் சொல்வது?

பகலின் நீளம் சொல்கிறது. வெப்பநிலை ஏமாற்றும், ஒரு வாரம் குளிர்ந்து மறுவாரம் சுடும். பகல் நீளம் ஒருபோதும் பிசகாது. கொழும்பில் இருந்துகொண்டு இதை உணர்வது கடினம், ஏனென்றால் இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. லண்டனில் அது எட்டு மணித்தியாலத்துக்கும் மேல். பகல் ஓர் அளவுக்குக் கீழே குறுகியதும் பூச்சியின் ஓமோன்கள் மாறி, வளர்ச்சியும் இனப்பெருக்கமும் நிறுத்தப்படும். இதற்கு இடையோய்வு என்று பெயர். இதை "நித்திரை" என்று சொல்லாதீர்கள். நித்திரையில் இருப்பவரை எழுப்பலாம். இடையோய்வில் இருக்கும் பூச்சியை நடுமாரியில் சூடான அறைக்குள் கொண்டுவந்து வைத்தாலும், பல இனங்களில் அது உடனே வளரத் தொடங்காது. குறிப்பிட்ட காலம் கழிய வேண்டும்.

இதை எங்கள் நுளம்புகளிலேயே பார்க்கலாம். டெங்குவைப் பரப்புவது இரண்டு இனம். வீட்டுக்குள் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் பெருகும் ஈடிஸ் ஈஜிப்தி ஒன்று, தோட்டப் பக்கம் கூடுதலாகத் திரியும் ஈடிஸ் அல்போபிக்டஸ் மற்றது. முன்னது ஆபிரிக்காவில் தோன்றியது, இடையோய்வு என்பதை அறியாது. அதன் முட்டை வறட்சியை மாதக்கணக்கில் தாங்கும், நீண்ட உறைகுளிரைத் தாங்காது. அல்போபிக்டஸில் வெப்ப நாட்டுக் கூட்டத்துக்கும் இடையோய்வு இல்லை. ஆனால் யப்பான் போன்ற குளிர்ப் பகுதிக் கூட்டத்தில் தாய் நுளம்பு குறுகிய பகலைக் கண்டதும் வேறுவகை முட்டை இடும். உள்ளே குடம்பி முழுதாக வளர்ந்திருக்கும், ஆனால் தண்ணீரில் போட்டாலும் பொரிக்காது, வசந்தம்வரை காத்திருக்கும். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இந்த நுளம்பு குடியேறியிருப்பது தெரியவந்தபோது, அது பழைய டயர்களில் யப்பான் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க உதவியவற்றில் ஒன்று இந்த முட்டைதான்.

மச்சாளின் ஜூன் நுளம்புகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அவற்றில் பல, சென்ற வருடமே ஈரமண்ணில் இடப்பட்ட முட்டைகளாக மாரியைக் கழித்து, பனி உருகிய நீரிலும் மழை தேங்கிய குழிகளிலும் பொரித்தவை. கியூலெக்ஸ் வகையில் கருவுற்ற பெண் நுளம்பே வளர்ந்த உருவத்தில் மாரியைத் தாண்டும். இலையுதிர் காலத்தில் அது இரத்தத்தை விட்டுவிட்டுப் பூந்தேனைக் குடித்துக் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, மதகுக்குள்ளோ குகையிலோ வீட்டு நிலவறையிலோ போய் ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் எழுதிக்கொண்டிருந்த வாரம் மச்சாள் ஒரு படம் அனுப்பினாள். நிலவறையை ஒட்டிய, சூடேற்றாத களஞ்சிய அறை, அரிசி மூட்டைக்குப் பின்னால் சீமெந்துச் சுவர், அதில் அசையாமல் ஒரு நுளம்பு. "ஜனவரியில எப்படி?" என்று கேட்டிருந்தாள். அது பெண், இப்போது கடிக்காது, உள்ளே கொழுப்பு நிரம்பியிருக்கும், ஏப்ரல்வரை அப்படியே இருக்கும் என்று விவரமாக எழுதி அனுப்பினேன்.

மறுமொழி உடனே வந்தது: "செருப்பால அடிச்சிட்டன்."